நான்கு நிமிடம்

புந்தா அரேனாஸில் காற்று
ஜன்னலைத் தட்டாது, உதைக்கும்.
அந்தச் சத்தத்தையும் மீறி
என் கணினியின் விசிறி கேட்கத் தொடங்கிய அன்று
யெர்கோவைக் கூப்பிட்டேன்.

பதின்மூன்று வயது அதற்கு.
நாய் என்றால் வியந்திருப்பார்கள்.
கணினி என்பதால் சிரிக்கிறார்கள்.

பதினொரு படகுகளின் கணக்கு அதற்குள்:
டீசல், கூண்டு, கயிறு, ஐஸ்,
நண்டுப் பருவத்துக்கு முன்பணம் வாங்கியவர் யார்,
கடலுக்குப் போகுமுன்பே
அதைக் குடித்துத் தீர்த்தவர் யார்.
(இந்தக் கடைசிப் பத்திக்கு நான் தலைப்பு வைக்கவில்லை.)

போன மாதம் திரையில் ஓர் அறிவிப்பு:
உங்கள் இயந்திரம் புதிய பதிப்புக்குத் தகுதி பெறவில்லை.
எத்தனை மரியாதை!
நிகானோர் கடன் கேட்டபோது
வங்கியும் இதே குரலில்தான் எழுதியது.

யெர்கோ மூடியைக் கழற்றினான்.
உள்ளே தூசி கம்பளி நெய்து வைத்திருந்தது.
நினைவகம் கூட்டலாம் என்றான்.
பிறகு, அந்த வகை இப்போது வருவதில்லை என்றான்,
புதிய வகையை இந்தப் பலகை ஏற்காது,
பலகையை மாற்றினால் செயலி,
செயலியை மாற்றினால் மின்பெட்டி,
அந்த மின்பெட்டி
இந்தக் கூட்டுக்குள் நுழையாது.

"அப்புறம் என்னதான் மிஞ்சும்?"
யோசித்தான்.
"பவர் பட்டன், தோன்யா தானிட்ஸா.
அதுவும் கொஞ்சம் ஆடுகிறது."

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

சனிக்கிழமை தீர்வையில்லாக் கடைகளுக்குப் போனேன்.
புதியவை எல்லாம் மெலிந்து, கறுத்து,
துக்க வீட்டுக்குப் புறப்பட்டவை போல நின்றன.
விற்கும் பையன் வேகம் என்ற சொல்லை
ஏழு முறை சொன்னான். எண்ணுவது என் தொழில்.
என் கணக்கு மென்பொருள் இதில் ஓடுமா என்றேன்.
பெயரைக் கேட்டுவிட்டு
மேலாளரை அழைத்து வந்தான்.
மேலாளரும் சிரித்தார்.
அதை எழுதியவர் கன்செப்சியோனில்
நிறுவனத்தை மூடிவிட்டுத் தேனீ வளர்க்கிறாராம்.

இரவு ஒரு காகிதம், நடுவே கோடு.
இடப்பக்கம் பழுது. வலப்பக்கம் புதிது.
படகுக்காரர்களிடம் நான் எப்போதும் சொல்வது:
ஓர் எஞ்சினுக்கு மூன்றாம் முறை செலவழிக்காதே.
பெலிசார்தோவிடம் சொன்னேன்.
கேட்கவில்லை.
அந்த எஞ்சின் இன்றும் ஓடுகிறது.
என் ஆலோசனைக்குக் கொடுத்த பணம்தான்
அவருக்கு வீண் செலவு.

கூட்டிப் பார்த்தேன்.
இரண்டு பக்கமும் எனக்கு எதிராகவே வந்தது.
காகிதத்தைத் திருப்பி
மளிகைப் பட்டியல் எழுதினேன்.

வட்டை மட்டும் மாற்று என்றேன் யெர்கோவிடம்.
"ஒரு வருடம் தாங்கும். இரண்டு என்றால் உங்கள் அதிர்ஷ்டம்."
இப்படிப் பேசுகிறவன் பணக்காரன் ஆகமாட்டான்.
இணையக் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டினான்.
வரி கட்ட மட்டும் மகளின் மடிக்கணினி.
தூசியை ஊதினான், மேசையெல்லாம் சாம்பல்.
விசிறி மூச்சை அடக்கிக்கொண்டது.

முன்பெல்லாம்
பட்டனை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போவேன்.
துறைமுகத்தில் இரவு வேலை முடித்து
நிகானோர் அப்போதுதான் வந்திருப்பார்,
மாத்தேவுக்கு வெந்நீர் வைத்திருப்பார்.
ஒரே கோப்பை, கை மாறி மாறி.
எந்தக் கப்பல் வந்தது,
எந்த கிரேன் மக்கர் செய்தது,
கூரையில் எந்தத் தகடு தூக்குகிறது.
கணினி எழ நான்கு நிமிடம்.
பிறகு அவர் தூங்கப் போவார், நான் கணக்குக்கு.

இன்று அழுத்தினேன்.
நாற்காலியை விட்டு எழுவதற்குள்
திரை முழுதாக வந்து நின்றது,
எங்கே வேலை என்று கேட்பது போல.

அடுக்களை வாசலில் நிகானோர்,
கையில் கோப்பை, பூட்ஸ் கழற்றவில்லை.
"வந்துவிட்டதா?"

திரையின் விளக்கை அணைத்தேன்.
"இன்னும் இல்லை" என்றேன்.